மூலகங்களின் நெடுங்கணக்கு

எமது கல்லூரியின் இரசாயன விரிவுரை மண்டபத்துச் சுவரில் பெரியதோர் அட்டவணை தொங்குகின்றது. தமிழ் பயிலும் யாம் அதனைப் பலகாலும் கடந்து சென்றிருக்கின்றோம். ஆயினும், அயல்நாட்டார் கணித்த ஜாதகம் போலும் என்றெண்ணி, அதனை ஊன்றி நோக்கினோமல்லேம். விஞ்ஞானம் பயிலும் நண்பரொருவர் ஒருநாள் மாலை எம்மை அதன்முன் நிறுத்தி, அதன் பொருளை விளக்கினார். அன்று தொட்டு யாம் கேட்டும் கற்றும் அறிந்தவற்றை எம்போன்ற மாணவர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்றார் தொல்காப்பியர். இக்கால இரசாயன நூலாரோ, இரசாயன முறைகளால் வேறு பொருள்களாகப் பகுக்கவொண்ணாத பொருளையே மூலகம் என்பர். நீர் மூலகமன்று, அதனுள் மின்சாரத்தைச் செலுத்தின் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரியும். பொன், இரும்பு, செம்பு, கந்தகம், பாதரசம் முதலியன மூலகங்கள். முப்பது முதலெழுத்துக்களைக் கொண்டே நம் மொழியின் சொற்களெல்லாம் ஆதல்போல, மூலகங்களின் சேர்க்கையினாலேயே நாம் காணும் மண்ணும் மரமும் நம் உடலும் ஆயின. இதுகாறும் அறியப்பட்ட மூலகங்கள் 118.

ஒரு மூலகத்தின் இயல்பைத் தாங்கி நிற்கும் மிகச் சிறிய கூறே அணுவாகும். அதன் நடுவே அணுக்கருவும், அதனைச் சூழ எலக்ட்ரான்களும் உள்ளன. அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் தொகையே, இஃது இன்ன மூலகம் என்று வரையறுப்பது. அத்தொகை ஒன்றாயின் ஹைட்ரஜன்; 79 ஆயின் பொன்; 80 ஆயின் பாதரசம். இரசவாதிகள் பாதரசத்தைப் பொன்னாக்க முயன்று, காலத்தையும் கைப்பொருளையும் இழந்தமைக்குக் காரணமும் இதுவே. உலைக்களத்துத் தீயால் அணுக்கருவை மாற்றுதல் இயலாது.

இனி, அவ்வட்டவணையின் அமைப்பைக் காண்போம். இளமையில் நாம் கற்ற நெடுங்கணக்கை நினைவுகூர்க. ககர வரிசையிலுள்ளன யாவும் ககர மெய்யால் ஒன்றுபட்டன. ஆகார நிரலிலுள்ளன யாவும் ஆகார ஓசையால் ஒன்றுபட்டன. ஆதலின் ஏட்டில் ஓரெழுத்தைச் செல்லரித்துவிடினும், வரிசையையும் நிரலையும் நோக்கி, மறைந்த எழுத்து இன்னதென்று சிறுவனும் கூறுவான். மூலகங்களுக்கும் அத்தகையதொரு நெடுங்கணக்கு உண்டு. அதனை வகுத்தவர் டிமிட்ரி மெண்டலீவ் என்னும் ரஷ்யப் பேரறிஞர்.

அவர் 1834-ஆம் ஆண்டு சைபீரியாவிலுள்ள டொபோல்ஸ்க் நகரிற் பிறந்தார். தந்தையார் கண்பார்வை இழந்தமையால், அன்னையார் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நடத்திக் குடும்பத்தைப் புரந்தார். பின்னர்த் தந்தையார் இறந்தார், தொழிற்சாலையும் எரிந்தொழிந்தது. அன்னையார் மனந்தளராது, மகனை நெடுந்தொலைவு அழைத்துச் சென்று, 1850-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிற் கல்விச்சாலையிற் சேர்ப்பித்து, அவ்வாண்டிலேயே உயிர்நீத்தார்.

பிற்காலத்தில் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்த மெண்டலீவ், மாணவர்க்குப் பாடநூல் ஒன்று எழுதுங்கால், அன்று அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை எம்முறையில் வைத்துக் கூறுவது என்று ஆராய்ந்தார். அவற்றை அணு எடையின் ஏறுமுறையில் நிறுத்தியபோது, ஒத்த குணங்கள் இடையிட்டு மீண்டும் மீண்டும் தோன்றக் கண்டார். தாளம் ஓர் ஆவர்த்தனம் முடிந்து மீண்டும் முதலுக்கு வருதல் போல்வது இது. ஆவர்த்தன அட்டவணை என்னும் பெயரும் இதனாற் பொருந்துவதாயிற்று. லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்பன ஒரு குடும்பத்தன. அவை மூன்றும் மென்மையான உலோகங்கள். நீரிற் பட்டவுடன் ஹைட்ரஜனை வெளிப்படுத்துவன. மெண்டலீவின் அட்டவணை 1869-ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவர்க்கு முன்னரும் இம்முயற்சியில் ஈடுபட்டோர் உளர். ஆங்கிலேயராகிய நியூலண்ட்ஸ் 1865-ஆம் ஆண்டு மூலகங்களை எட்டெட்டாக நிரல்படுத்தினார். ஆனால் இடைவெளி விடாது நிரப்பினமையால், இரும்பும் ஆக்ஸிஜனும் ஓரினத்தனவாய் வந்து நின்றன. மெண்டலீவ் அங்ஙனம் செய்திலர். துத்தநாகத்தின் அணு எடை 65. அன்று அறியப்பட்டவற்றுள் அதற்கடுத்து நின்றது 75 எடையுள்ள ஆர்ஸனிக். அதனை அடுத்த இடத்தில் வைப்பின் அலுமினியத்தின் இனமாகிவிடும். குணமோ பாஸ்வரத்தை ஒத்தது. ஆகவே இடையில் இரண்டு இடங்களை வெறிதே விட்டு, 'இவற்றிற்குரிய மூலகங்கள் இனித்தான் காணப்படும்' என்று துணிந்தார். அவற்றிற்கு ஏக அலுமினியம், ஏக சிலிக்கான் என்று பெயருமிட்டார். 'ஒன்று' எனப் பொருள்படும் நம் நாட்டு வடசொல் ஒரு ரஷ்யரின் அட்டவணையில் இடம்பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவதாம்.

1875-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் லெகாக் டி புவாபோதிரான் காலியம் என்னும் புதிய மூலகத்தைக் கண்டு, அதன் ஒப்படர்த்தி 4.7 என்று கூறினார். அதனைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், இதுவே தாம் கூறிய ஏக அலுமினியம் என்றும், ஒப்படர்த்தி 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என்றும் அறிவித்தார். பொருளை மீளவும் தூய்மை செய்து அளந்தபோது, 5.9 என்றே விடை வந்தது! 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் அவர் முற்கூறியவாறே வெளிப்பட்டன.

ஆயினும் அவரும் பிழைபடாதவர் அல்லர். டெல்லூரியத்தின் அணு எடை அயோடினுடையதைவிட மிகுதியாயினும், குணம்பற்றி டெல்லூரியத்தையே முன்வைத்தார். அது சரியே, ஆனால் எடையைத் தவறாக அளந்துள்ளனர் என்று அவர் கருதியது சரியன்று. வரிசைக்கு அடிப்படை எடையன்று, அணுக்கருவின் மின்னளவே என்பதை 1913-இல் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் எக்ஸ் கதிர்களால் விளக்கினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. மோஸ்லி 1915-இல், தமது 27-ஆம் வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் மாண்டார். இன்று அட்டவணையின் ஏழு வரிசைகளும் நிரம்பியுள்ளன. இறுதியாகச் சேர்ந்த நான்கு மூலகங்கள் 2016-ஆம் ஆண்டு பெயர் பெற்றன.

இவ்வரலாற்றை அறிந்தபோது எம் நினைவிற்கு வந்தது புறநானூற்றுப் பதிப்பே. 1894-ஆம் ஆண்டு அதனை வெளியிட்ட சாமிநாதையரவர்கள், ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பினாரல்லர், புள்ளிகளிட்டு விடுத்தார். அவர் விடுத்தவை மீண்டும் கிடைத்தல் அரிது. மெண்டலீவ் விடுத்தவற்றுட் சிலவோ அவர் வாழ்நாளிலேயே கிடைத்தன. பயன் வேறாயினும் நேர்மை ஒன்றே. பரீட்சைத் தாளில் ஓரிடமும் வெறுமையாயிருத்தல் கூடாதென்று, அறியாததையும் அறிந்தார்போல எழுதும் வழக்கம் எம்மிடத்தும் உண்டு. அறியாமையின் எல்லையைச் சரியாகக் குறித்தலும் அறிவின் ஒரு கூறே என்பதைச் சுவரில் தொங்கும் அவ்வட்டவணை எமக்குக் கற்பித்தது. தமிழ் வகுப்பு நண்பர்காள், அடுத்தமுறை அவ்வழிச் செல்லுங்கால் சிறிது நின்று அதனை நோக்குவீராக!