சிங்கப்பூரில் நான்கு நாள்

வைட்ஃபீல்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தையார் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். அவர்களுடைய சொந்த ஊர் தென்காசிக்கு அருகில் உள்ளது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனும் பிறந்தது பெங்களூரில். தந்தையாரின் தாயாரும் உடன் இருக்கிறார். பிள்ளைகள் அவரை ஆச்சி என்றே அழைப்பார்கள்.

மூன்று ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் சிங்கப்பூருக்குச் சென்றுவருவது என்று முடிவாயிற்று. நான்கு பகல்கள் கிடைக்கும். பயணத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பைத் தந்தையார் மகளிடம் ஒப்படைத்தார். அக்காவும் தம்பியும் இரண்டு மாலை வேளைகள் கணினியின் முன் அமர்ந்து ஒரு பட்டியல் தயாரித்தனர். அதில் பதினேழு இடங்கள் இருந்தன.

அன்னையார் பட்டியலைப் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். “இத்தனையும் பார்த்துவிட்டு நாம் எப்போது சாப்பிடுவது?”

முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த விமானம் வியாழக்கிழமை இரவு 11 மணிக்குப் புறப்படுகிறது. பறக்கும் நேரம் ஏறத்தாழ நாலரை மணி. சிங்கப்பூரின் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே அங்கே இறங்கும்போது வெள்ளி காலை 6 மணி ஆகியிருக்கும். விடுதிகள் பெரும்பாலும் பிற்பகலில்தான் அறையைத் தரும். அதுவரை ஐந்து பேர் தூக்கக் கலக்கத்துடன் எங்கே இருப்பது? பட்டியலில் அந்தக் காலைப் பொழுதுக்கு மட்டும் நான்கு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன! அவற்றை நீக்கிவிட்டு, பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டுத் தாவரவியல் பூங்காவுக்குச் செல்வது என்று மாற்றினார்கள். 1859 இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விடியற்காலையிலேயே திறந்திருக்கும். மர நிழலில் இருக்கைகளும் உண்டு. களைத்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

விமான நிலையத்துக்குச் செல்வதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தந்தையார் நினைவூட்டினார். வைட்ஃபீல்டிலிருந்து தேவனஹள்ளி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். மாலை நெரிசலில் அந்தத் தொலைவு எவ்வளவு நீளும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மாலை ஆறரை மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புவதென எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து ஆவணங்கள். இந்தியக் குடிமக்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா பெற வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இணையவழி வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். விசாவுக்காக ஆச்சியின் சான்றுகளைக் கேட்டபோது அவர் தம் தகரப் பெட்டியை எடுத்துவந்தார். கடவுச்சீட்டுக்குக் கீழே பழைய ஒளிப்படம் ஒன்று கிடந்தது. வெள்ளை வேட்டி கட்டிய இளைஞர் ஒருவர், பின்னால் சிற்பங்கள் நிறைந்த கோபுரம்.

“இது யார் ஆச்சி?” என்று கேட்டான் பேரன்.

“என் அப்பா. உனக்குப் பூட்டன். எனக்கு ஐந்து வயதாகும்போது நாகப்பட்டினத்தில் இராஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். மாதந்தோறும் பணம் வரும், ஆள் வரமாட்டார். நான் பெரியவளாகும்வரை இரண்டே தடவைதான் வந்துபோனார்.”

“இந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது?”

“அங்கேதான், மாரியம்மன் கோயில் என்று சொல்லுவார். உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா தாயே?”

பேத்தி பட்டியலைப் பார்க்கவில்லை. இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ‘கோயில்தான் நம் ஊரிலேயே இருக்கிறதே’ என்று சொல்லி அதை நீக்கியவள் அவளே. ஆச்சியிடம் எந்த இடம் பார்க்க வேண்டும் என்று அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும், “நீங்கள் போகிற இடத்துக்கு நானும் வருகிறேன்” என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

அன்றிரவு அவள் பட்டியலை மூடி வைத்துவிட்டு நகரின் வரைபடத்தைத் திறந்தாள். படத்தில் இருந்த கோபுரம் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் நிற்கிறது. 1819 இல் இராஃபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று, 1827 இல் மரத்தாலும் கீற்றாலும் எழுப்பிய கோயில் அது. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். கோபுரத்தைக் கண்டு இட்ட பெயராம். அதே சாலையில் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஆண்டவர் பெயரில் அமைந்த நாகூர் தர்கா. இன்று அத்தெருவைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. முற்காலத்தில் கடல் அந்தத் தெரு வரை இருந்தது. நாகப்பட்டினத்துக்கு அருகே உள்ள நாகூரின் பெயர் அந்தக் கரையில் ஏன் வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பூட்டனார் உழைத்த தஞ்சோங் பகாரையும் தேடினாள். அங்கிருந்த சரக்குப் பெட்டித் துறைமுகம் மூடப்பட்டு, பணிகள் மேற்கே மாற்றப்பட்டுவிட்டன. அவர் மூட்டை சுமந்த கரையை இனி ஆச்சிக்குக் காட்ட முடியாது. கோபுரத்தைக் காட்டலாம்.

வரைபடம் வேறோர் உதவியும் செய்தது. பட்டியலில் எட்டாவதாக இருந்த கரையோரப் பூந்தோட்டங்கள், கோயிலுக்கு அருகிலுள்ள மேக்ஸ்வெல் நிலையத்திலிருந்து அதே இரயில் தடத்தில் மூன்றாம் நிலையம்! இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாம். ஆயினும் வரிசை முக்கியம். கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும். வெயில் ஏறினால் கல்தளத்தில் வெறுங்காலுடன் ஆச்சியால் நடக்க இயலாது. பூந்தோட்டத்தின் பெருமரக் கோபுரங்களில் ஒளிக்காட்சி நடப்பதோ இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும். ஆகவே சனிக்கிழமை காலை கோயிலும் தெலுக் ஆயரும், நடுப்பகலில் மேக்ஸ்வெல் உணவங்காடியும், பிறகு அறையில் ஓய்வும், இரவில் ஒளிக்காட்சியும் என்று எழுதினாள். பகல் ஓய்வை அவள் தனி வரியாக எழுதியதை நான் பாராட்டுவேன். பெரும்பாலோர் அந்த வரியை எழுதுவதே இல்லை. எழுதாவிட்டாலும் ஓய்வு தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், அதுவும் இரயில் நிலையப் படிக்கட்டில்.

ஞாயிற்றுக்கிழமை சண்டையில் முடியும் போலிருந்தது. தம்பிக்குச் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வேண்டும். அது முழு நாளை விழுங்கும். ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கினால் சேமிப்பையும் விழுங்கும். அக்காவுக்கு மண்டாய் விலங்குத் தோட்டம்.

“புலியைத்தான் பன்னேர்கட்டாவில் பார்த்துவிட்டோமே, அக்கா!” என்றான் தம்பி.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மண்டாயை அடித்தாள். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்பதில்லை என்று அன்னையார் கூறினார். தந்தையும் மகனும் செந்தோசாவுக்குச் செல்வார்கள். இரண்டு சீட்டு போதும். மற்ற மூவரும் லிட்டில் இந்தியாவுக்குச் சென்று, கேம்பல் சந்தில் 2015 இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்ப்பார்கள். அந்நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறுதான் ஏற்றது. மாலையில் தேக்கா நிலையத்தில் ஐவரும் சேர்ந்து உண்பார்கள்.

ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் கூட்டம் நிறைந்திருக்கும். கட்டுமானப் பணிகளிலும் கப்பல் தளங்களிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வார விடுமுறையில் அங்கே கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். “நெரிசலாக இருக்குமே, உங்களுக்குச் சிரமமாகாதா?” என்று மகன் கேட்டபோது ஆச்சி, “இருக்கட்டும் ஐயா, அந்தப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்” என்றார்.

திங்கட்கிழமைக்குச் சில கடைகளை மட்டும் குறித்தார்கள். பதினேழு இடங்கள் ஏழாகக் குறைந்திருந்தன. மழை பெய்தால் எதை எதனுடன் மாற்றுவது என்பதையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகிலுள்ள ஊராகையால் அங்கே எந்த மாதத்திலும் மழை வரும்.

சனிக்கிழமைக் காலைக்கு எதிரே எத்தனை நிமிடம் என்று தம்பி எழுதப்போனான். அக்கா அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஒளிப்படத்தை ஆச்சி தம் கைப்பையில் எடுத்துவைத்துவிட்டார்.

பயிற்சி

1. திரும்பும் விமானம் சிங்கப்பூர் நேரப்படி திங்கள் இரவு 8 மணிக்குப் புறப்படுகிறது. பெங்களூரில் இறங்கும்போது நம் நேரம் என்ன? மறுநாள் பள்ளி உண்டு. வீடு சேர எத்தனை மணியாகும் என்று கணக்கிடுக.

2. சனிக்கிழமை காலை பெருமழை பெய்கிறது. கோயில், தர்கா, பூந்தோட்டம் ஆகியவற்றை நீ எவ்வாறு மாற்றி வைப்பாய்? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.

3. உன் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்பு வாழ்ந்த அல்லது பணியாற்றிய ஊர் எது? அவரிடம் கேட்டு அறிந்து, அவ்வூருக்கு அவரை அழைத்துச் செல்ல இரண்டு நாள் திட்டம் ஒன்றை வகுத்து, அதை அவருக்குக் கடிதமாக எழுதுக.