வாசலுக்கு வந்த பூனை: சைவ வீட்டில் வளர்க்கலாமா?



சென்ற மாத ஞாயிறு வகுப்பில் பஞ்ச மகா யக்ஞம் பற்றிப் பேசினோம். ரிஷிகள், தேவர்கள், பித்ருக்கள், மனிதர்கள், பிற உயிர்கள் என்று ஐந்து பேருக்கு இல்லறத்தில் இருப்பவர் தினமும் செலுத்த வேண்டிய கடன். அதில் பிற உயிர்களுக்கானது பூத யக்ஞம். காக்கைக்குச் சோறு வைப்பதும் அரிசி மாவில் கோலம் போடுவதும் அந்த வழக்கத்தின் மிச்சம்தான். வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டு வாசலுக்கு ஒரு பூனை தினமும் வந்து காலை உரசுது. பாட்டி சுத்த சைவம். தயிர் சாதம் போட்டு வளர்க்கலாமா?"

இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பாடம்.

எங்கள் தஞ்சோங் கிளிங்கில் பூனைக்குப் பஞ்சமே இல்லை. கடலோரச் சாப்பாட்டுக் கடைகள், மீன் விற்கும் இடம், தாமான் குப்பைத் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் நாலு பூனை படுத்திருக்கும். பலவற்றுக்கு வால் குட்டை, நுனியில் ஒரு முடிச்சு. யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்று பிள்ளைகள் பரிதாபப்படுவார்கள். அது பிறவியிலேயே வருவது. மலாய்த் தீவுக் கூட்டத்துப் பூனைகளின் இந்த வாலைப் பற்றி டார்வின் 1868இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பொட்டுவுக்கும் அதே வால்தான். வெள்ளைப் பூனை, நெற்றியில் மட்டும் கறுப்பு. பேர் வைக்க யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலில், வந்தது யாருடைய பூனை? தானாக வந்து காலை உரசுகிற பூனை குட்டியிலேயே மனிதர் கை பட்டு வளர்ந்தது. பிறந்த 2ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டி, வளர்ந்த பிறகும் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கும். ஆக, நட்பாக வரும் பூனைக்கு எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது, அல்லது இருந்தது. பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் "கூச்சிங் சியாப்பா நி?" என்று கேளுங்கள். தாமான் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு பூனை இரண்டு மூன்று வீட்டில் சாப்பிட்டு மூன்று பேரோடு திரிவதும் உண்டு. நம்மைவிட விவரமான பிராணி.

இன்னொன்றை மறக்கவே கூடாது. பெண் பூனையா, மடி பெருத்து முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எங்கேயோ பலகைக்கடியில் குட்டிகள் கண் திறக்காமல் கிடக்கின்றன. இரக்கப்பட்டு தாயை வீட்டுக்குள் பூட்டினால் அவை பசியில் செத்துப்போகும். சாப்பாடு வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

குட்டி என்றதும் நம் சமயத்தில் ஒரு புகழ்பெற்ற உவமை ஞாபகம் வரவேண்டும். இறைவனிடம் சரணடைவது எப்படி என்று ஸ்ரீவைஷ்ணவத்தில் இரண்டு கட்சி. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல நாமும் முயல வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது, குட்டி சும்மா தொங்குகிறது, அதுபோல எல்லாம் அவன் பொறுப்பு என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலை. இதற்கு மார்ஜார நியாயம் என்று பெயர். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையிலோ கதை வேறு. அங்கே ஒரு பூனை கையைத் தூக்கி நின்று தவம் செய்ய, எலிகள் அதை நம்பிக் கும்பிடுகின்றன. மகாபாரதத்தில் வரும் போலித் தவசிப் பூனையின் கதை அது. சரணாகதிக்கும் பூனை, போலிக்கும் பூனை! நம் முன்னோர் இந்தப் பிராணியை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: தாய் பிடரியைக் கவ்வுவது குட்டிக்கு மட்டும்தான். வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்காதீர்கள், வலிக்கும். நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்னங்காலுக்கடியில் ஒரு கை.

இப்போது அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். தயிர் சாதம் போதாது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறோமே, பூனையும் புலியின் இனம்தான். நாய் சோற்றிலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்து அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் கட்டாயம் வேண்டும். அதை நம் உடம்பு தானே செய்துகொள்கிறது. பூனை உடம்பு தேவையான அளவு செய்யாது. இறைச்சியிலும் மீனிலும் அது இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் பூனை கொஞ்சங்கொஞ்சமாகக் குருடாகும். இதயத் தசை தளர்ந்து போவதற்கும் இதுவே காரணம் என்று 1987இல் அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடையில் விற்கிற பூனைத் தீனியில் இந்தச் சத்து போதாமல் இருந்தது அப்போதுதான் தெரியவந்து, அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் அளவைக் கூட்டினார்கள். காரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளவும் பூனைக்குத் தெரியாது. பசும்பால் கொடுப்பதும் நல்லதில்லை. வளர்ந்த பூனை பலவற்றுக்கு அது செரிக்காமல் பேதியாகும். கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் இது பெரிய பிரச்சினையாகத்தான் இருந்தது. பாட்டி சமையலறைக்குள் முட்டையைக்கூட விடமாட்டார். "பாவம், பசிக்குது, ஆனா மீனு நம்ம சட்டியில வேகக்கூடாது" என்றார். அண்ணன் கடையில் டப்பாத் தீனியும் உலர் தீனியும் வாங்கி வந்தான். பின் வராந்தாவில் தனி அலமாரி, தனிக் கிண்ணம், கழுவத் தனிக் குழாய். பாட்டி மூன்று நாள் பேசாமல் பார்த்துவிட்டு, "அதோட தர்மம் அது, என்னோட விரதம் என்னோடது" என்று சொல்லிவிட்டார். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை. விரதம் என்பது நாம் விரும்பி எடுத்துக்கொள்வது. பேசத் தெரியாத பிராணிமேல் அதை ஏற்றினால் விரதம் இருப்பது நாம், உடம்பு கெடுவது அது. உங்கள் வீட்டில் வராந்தாவில்கூட மாமிசம் வரக்கூடாது என்று பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால், அதையும் மதியுங்கள்; பூனையை வேறு நல்ல வீட்டுக்குச் சேர்த்துவிடுங்கள். அதுவும் பூத யக்ஞம்தான்.

வீட்டில் மீன் சமைப்பவர்கள் கெம்போங் மீனை அவித்து முள் நீக்கி எப்போதாவது கொடுக்கலாம். தினமும் மீன் மட்டும் என்றால் வேறு சத்துக் குறைவு வரும். குழம்பிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. சாமி மேடையில் லில்லிப் பூ வைக்கிறவர்கள் பூனை வந்த பிறகு விட்டுவிட வேண்டும். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். கற்பூர டப்பாவை மூடி மேலே வையுங்கள். பூனைக்குச் சளி என்று கோடாலித் தைலம் தடவாதீர்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம் ஈரல் முறிக்கிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். தீபாவளிக்கு வெடி ஆரம்பிக்கும் முன் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் மறுநாள் தாமான் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

வீட்டுக்குள் எடுத்ததும் முதல் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள், முக்கியமாக வீட்டில் வேறு பூனை இருந்தால். அதற்குள் மருத்துவரிடம் காட்டி குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் ஆரம்பித்துவிடலாம். நாய்க்கு விற்கிற தெள்ளுப்பூச்சி மருந்தைச் சிக்கனம் பார்த்துப் பூனைக்குப் போடக் கூடாது. சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். உடம்பில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், நமக்கும் ஒட்டும். மூக்கிலோ காலிலோ ஆறாத புண் இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் நம் நாட்டில் பூனை மூலம்தான் பெரும்பாலும் மனிதருக்கு வருகிறது. கீறின இடத்தில் ஒரு கட்டி, பிறகு கை நெடுக வரிசையாகக் கட்டி. மருந்துக்குக் குணமாகும், ஆனால் மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தது. அது பூனைக்கும் தொற்றக்கூடியது.

"வீட்டில் அண்ணி மாசமா இருக்காங்க, பூனை கூடாது" என்பார்கள். பயம் நியாயமானதுதான், அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரும், ஆனால் தொற்றும் நிலைக்கு வர அதற்கு ஒரு நாளாவது ஆகும். பூனை மண்ணைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். அந்த வேலை உங்களுடையது, அண்ணியுடையது இல்லை.

அடுத்தது பலர் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம், கருத்தடை. மலாய்க்காரர்கள் மண்டுல் செய்வது என்பார்கள். நம்மில் பெரியவர்கள், "ஒரு உயிர் பிறக்கிறதைத் தடுக்கிறது பாவம்" என்பார்கள். அவர்கள் இரக்கத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கைப் பாருங்கள். பெண் பூனை ஆறு மாதத்திலேயே, சில சமயம் அதற்கு முன்பே, சினையாகும். சுமார் 63 நாளில் மூன்று முதல் ஐந்து குட்டி. குளிர்நாட்டில் பகல் குறுகும் மாதங்களில் பூனைக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், ஓய்வே இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. அந்தக் குட்டிகள் எங்கே போகின்றன? மழைக்குப் பிறகு லோங்காங் ஓரம் போய்ப் பாருங்கள், கண்ணில் சீழ் ஒட்டிக் கிடக்கும். "கோயில்ல யாராவது சோறு போடுவாங்க" என்று பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. விடிகாலையில் பூசைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். பிறக்க விட்டுவிட்டு இப்படிச் சாக விடுவதை அகிம்சை என்று என் வாயால் சொல்ல முடியாது. சோறு மட்டும் போட்டுக் கருத்தடை செய்யாமல் விட்டால் நாம் வளர்ப்பது பூனையை மட்டுமில்லை, அடுத்த ஆண்டின் பசியையும்தான்.

ஐந்து ஆறு மாதத்திலேயே செய்துவிடலாம். பால் கொடுக்கிற தாய் என்றால் குட்டிகள் பால் மறந்த பிறகு. பத்து பதினான்கு நாளில் காயம் ஆறிவிடும். கட்டணம் கிளினிக்குக்குக் கிளினிக் மாறும், நாலு இடம் கேட்டுப் பாருங்கள். அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறையிடமும் விசாரியுங்கள். நம் மன்றங்கள் பாசார் மாலாமில் வடை விற்று நிதி திரட்டுகின்றன. ஒரு தடவை அந்தப் பணத்தில் தாமான் பூனைகளுக்குக் கருத்தடை செய்யலாமே என்பது என் யோசனை.

பூனை குறுக்கே போனால் ஆகாது என்று கல்லெடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2018இல் சிலாங்கூரில் ஒரு சலவைக் கடையில் கர்ப்பிணிப் பூனையை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கொன்றவர்களில் ஒருவருக்கு 2 ஆண்டும் இன்னொருவருக்கு 34 மாதமும் சிறை கிடைத்தது. தலைக்கு 40,000 வெள்ளி அபராதம் வேறு. அதே சட்டம் வளர்ப்பவருக்கும் கடமை வைக்கிறது: ஏற்ற இடம், ஏற்ற உணவு, நோயிலிருந்து பாதுகாப்பு.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது. வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகூட இருக்கும். உங்களுக்கு இப்போது 16, 17 வயது. எஸ்பிஎம் முடிந்தால் மெட்ரிகுலேஷன், பிறகு கோலாலம்பூரோ ஜொகூரோ. விடுதியில் பூனைக்கு இடமில்லை, வாடகை அடுக்குமாடிகள் பலவற்றிலும் இல்லை. நீங்கள் போன பிறகு யார் சோறு வைப்பது, யார் ஊசிக்குக் கொண்டுபோவது, செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் அண்ணன் இப்போது ஜொகூரில் வேலை செய்கிறான். தீனிக் காசு மாதாமாதம் அவன் அனுப்புகிறான், பூனை மண் என் பொறுப்பு, தடுப்பூசி அட்டை அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவது பாட்டி.