செல்போன் திரை உடைஞ்சு போச்சா? அவசரப்படாதீங்க!



இன்னைக்கு நம்ம கையில இருக்கிற டச் போன் பேசுறதுக்கு மட்டும் இல்லை. பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், பிள்ளைகளோட பள்ளிக்கூடச் செய்தி, குழுக் கணக்கு போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அது கீழே விழுந்து திரை உடைந்தால் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில் உள்கடன் வாங்கிப் புதுப் போனே வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. திரையை மட்டும் மாற்றினால் போதுமா? வீட்டிலேயே மாற்ற முடியுமா? எப்போது தொடக் கூடாது? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. உடைந்தது எது என்று பாருங்கள்

திரை என்பது ஒரே கண்ணாடி இல்லை. மேலே நாம் ஒட்டுகிற டெம்பர் கிளாஸ். அதன் கீழே போனின் சொந்தக் கண்ணாடி. அதோடு ஒட்டி, விரல் படுவதை உணரும் டச். அடியில் படம் காட்டும் டிஸ்ப்ளே.

* டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் ஓரத்தில் மெதுவாகத் தூக்கி எடுத்துப் பாருங்கள். கீழே கீறல் இல்லையென்றால் புது டெம்பர் கிளாஸ் ஒட்டினாலே போதும்.
* கண்ணாடியில் விரிசல், ஆனால் படமும் டச்சும் சரியாக இருக்கிறது என்றால் மேல் கண்ணாடி மட்டும் உடைந்திருக்கிறது. கைக்குக் குத்தாமல் மேலே டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம்.
* மை கொட்டின மாதிரி கறுப்பு, இல்லைன்னா கோடு கோடா தெரிஞ்சா டிஸ்ப்ளே போயிடுச்சு.
* படம் தெரியுது, விரல் வைத்தால் நகரலைன்னா டச் போயிடுச்சு.

இப்போது வரும் பெரும்பாலான போன்களில் கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒன்றாக ஒட்டியே வரும். கடையில் இதை ‘காம்போ’ என்பார்கள். கண்ணாடியை மட்டும் தனியாகப் பிரிக்க மெஷின் வேண்டும். வீட்டில் செய்வதென்றால் காம்போவையே மாற்ற வேண்டும்.

2. திறக்கும் முன்பு

போட்டோ, போன் நம்பர்களை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். படம் தெரிந்து டச் மட்டும் வேலை செய்யாவிட்டால் ஒரு வழி உண்டு. ஓடிஜி கேபிள் வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸை அதில் மாட்டுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி தோன்றும். அதை வைத்துப் போனை இயக்கலாம்.

வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் செலவைக் கேளுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதியில் உள்ள மாடல் எண்ணை எழுதி, அதே எண்ணுக்கு உரிய காம்போ வாங்குங்கள். பெயர் ஒன்று போல இருந்தாலும் எண் மாறினால் பொருந்தாமல் போகலாம். பிரேமோடு வருவதை வாங்கினால் உள்ளே உள்ள எல்லாவற்றையும் புதுப் பிரேமுக்கு மாற்ற வேண்டிவரும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம்.

3. மாற்றும் முறை

1) சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே குறைந்ததும் போனை அணைத்து, சிம்மை எடுங்கள்.
2) உடைந்த திரைமேல் அகலமான செல்லோ டேப் ஒட்டுங்கள். சில்லு தெறிக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.
3) பின்மூடியைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பித் திறங்கள். கத்தி கூடாது. ஸ்குரூக்களைக் கழற்றி, தாளில் போன் படம் வரைந்து எடுத்த இடத்திலேயே வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் உள்ளே போர்டு கெடும்.
4) முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அதன் பிறகே டிஸ்ப்ளே இணைப்பு.
5) திரையின் ஓரங்களில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும் அட்டையை நுழைத்து மெதுவாகத் தூக்குங்கள். அடுப்பிலோ இஸ்திரிப் பெட்டியிலோ காட்டாதீர்கள்.
6) பழைய பசை, சில்லுகளைச் சுத்தம் செய்யுங்கள்.
7) புதுக் காம்போவை ஒட்டுவதற்கு முன் இணைப்புகளை மாட்டி, ஆன் செய்து எல்லா மூலையிலும் டச் பாருங்கள். சரியாக இருந்தால் அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பி-7000 பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள்.
8) இணைப்புகளை மாட்டி மூடி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் காய விடுங்கள்.

முதல் முறை செய்கிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் பழகுங்கள்.

4. இதையெல்லாம் தொடாதீங்க

பேட்டரி உப்பியிருந்தால் போனைத் திறக்கவே கூடாது. நெம்பும்போது பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். புகை வந்தால் கையால் தூக்காமல் உலர்ந்த மணலைப் போட்டு மூடி, விலகி நில்லுங்கள். ஓரம் வளைந்த திரை, திரைக்குள்ளேயே கைரேகை வைக்கும் போன் ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே நல்லது. ஒருமுறை திறந்த போன் முன்பு போலத் தண்ணீர் தாங்காது என்பதையும் மறக்காதீர்கள்.

5. கடையில் கொடுத்தால்

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். லாக் நம்பர் கேட்டால் சொல்ல வேண்டாம். “அண்ணே, எமர்ஜென்சி கால் பட்டனைத் தொட்டு நம்பர் அடிச்சுப் பாருங்க, டச் தெரிஞ்சிடும்” என்று சொல்லுங்கள். யுபிஐ பின் நம்பரை யாருக்கும் தரக் கூடாது. ஒரிஜினலா, காப்பியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய காம்போவைத் திருப்பிக் கேளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

6. கணக்குப் போடுவோம்

காம்போ விலையும் கூலியும் சேர்த்து, இன்றைக்கு உங்கள் போனுக்குக் கிடைக்கிற விலையில் பாதியைத் தாண்டாவிட்டால் மாற்றுவது லாபம். தாண்டினால் யோசியுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்ட பிறகே உள்கடனுக்கு எழுதிக் கொடுங்கள்.

இது ஒரு தொழிலும்கூட. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் செல்போன் பழுதுபார்க்கும் பயிற்சியும் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். ஊருக்கு ஒரு பெண் கற்றுக்கொண்டால், பஸ் ஏறி டவுனுக்குப் போகும் செலவும் மிச்சம், அவருக்கு வருமானமும் ஆச்சு.

கூட்டத்தில் பேசுங்கள்

* கடந்த ஒரு வருடத்தில் நம் குழுவில் போனுக்காக வாங்கிய உள்கடன் எவ்வளவு?
* அதில் திரையை மாற்றியிருந்தாலே போதும் என்று இருந்தவை எத்தனை?
* நம் குழுவில் இருந்து பயிற்சிக்கு யாரை அனுப்பலாம்?