கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி

மாணவர்களே, கீழே உள்ள இரண்டு நேரங்களைப் பாருங்கள்.

2:30 பி.எம்.
2:30 பி.எம்.

நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வெவ்வேறாக இருக்கக்கூடும். கணினி எழுத்தை வடிவமாகப் பார்ப்பதில்லை, எண்ணாகவே பார்க்கிறது. யூனிகோடு முறையில் ‘க’ என்பதன் எண் 2965. வெற்று இடைவெளிக்கும் எண் உண்டு. நாம் தட்டச்சு செய்யும் சாதாரண இடைவெளியின் எண் 32. வரி முடிவில் சொற்கள் பிரிந்துவிடாமல் காக்கும் ‘குறுகிய உடையா இடைவெளி’யின் எண் 8239. இந்த இரண்டு இடைவெளிகளும் இடம் மாறியதால் 2023ஆம் ஆண்டில் பல இணையத்தளங்கள் தடுமாறின.

ஐ.சி.யு. என்பது என்ன?

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு அல்ல. ‘யூனிகோடுக்கான அனைத்துலகக் கூறுகள்’ என்னும் மென்பொருள் நூலகத்தின் சுருக்கப் பெயர் இது. குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் இதைப் பயன்படுத்துகின்றன. தேதி, நேரம், பணம், எண்கள் ஆகியவற்றை அந்தந்த மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்றபடி எழுதுவதும், பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதும் இதன் வேலைகள்.

ஓர் எடுத்துக்காட்டு: பத்து இலட்சம் என்பதைத் தமிழ்நாட்டில் 10,00,000 என்று எழுதுவர். நாம் மலேசியாவில் 1,000,000 என்று எழுதுகிறோம். மொழி ஒன்று, வழக்கம் இரண்டு. ஆகவே, ‘தமிழ்’ என்று மட்டும் சொன்னால் உலாவிக்குப் போதாது. ‘தமிழ், மலேசியா’ என்று சொல்ல வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1999இல் இந்நூலகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2016 முதல் யூனிகோடு கூட்டமைப்பு இதைப் பராமரிக்கிறது. நாடுகளின் வழக்கங்கள் சி.எல்.டி.ஆர். என்னும் தரவுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து நூலகத்துக்கு வருகின்றன.

என்ன நடந்தது?

2022 அக்டோபரில் சி.எல்.டி.ஆர். 42, ஐ.சி.யு. 72 ஆகிய பதிப்புகள் வெளிவந்தன. ஆங்கில நேரத்தில் ‘2:30’க்கும் ‘பி.எம்.’முக்கும் நடுவில் 32க்குப் பதிலாக 8239 இடப்பட்டது. நோக்கம் நல்லதே, இரண்டும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும்.

ஆனால், பல நிரல்கள் திரையில் காட்டுவதற்காக உருவான நேரத்தை மீண்டும் எடுத்துப் படித்துக் கணக்கிட்டு வந்தன. அவை 32ஐ எதிர்பார்த்தன, வந்ததோ 8239. விளைவு, ‘தவறான தேதி’ என்ற பதில். 2023 பிப்ரவரியில் வெளியான குரோம் 110 பதிப்பையொட்டி இச்சிக்கல் பெரிதாக வெளிப்பட்டது. நூலகத்தின் பிற புதுமைகளை வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியை மட்டும் பழையபடி 32ஆகத் தரும் திருத்தத்தைக் குரோம் செய்தது. பயர்பாக்ஸும் அவ்வாறே செய்தது.

புதுப்பிக்காமல் இருந்தால் என்ன?

முடியாது. உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது, மலாக்கா உட்படத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டு நள்ளிரவு 12.00 ஆயின. நம் தாத்தா பாட்டி பிறந்த நேரத்தை உலக நேரமாக மாற்றும் மென்பொருள் இதை அறிந்திருக்க வேண்டும். 2023இல் எகிப்து கோடைக்கால நேரத்தை மீண்டும் கொண்டுவந்தது. குரோவாசியா யூரோவுக்கு மாறியது. பழைய நூலகம் இவற்றை அறியாது. பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமல் கிடக்கும்.

தமிழிலும் உண்டு

‘ஸ்ரீ’ என்ற எழுத்தைக் கவனியுங்கள். முன்பு இதை ‘ஸ’ (எண் 3000) கொண்டு உருவாக்கினர். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ (எண் 2998) சேர்ந்தது. இப்போது இரண்டு வழியிலும் ‘ஸ்ரீ’ எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. அலோர் காஜாவில் ஒரு மாணவியின் பெயர் ஒரு வழியிலும், தேடுபவர் தட்டச்சு செய்தது மறுவழியிலும் இருந்தால்? எண்களை மட்டும் ஒப்பிடும் நிரல் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றே சொல்லும். உதவிநிதிப் பட்டியலாக இருந்தால் அது சிறிய இழப்பல்ல.

பொறியாளர்கள் செய்வது என்ன?

1. புதிய பதிப்பின் மாற்றக் குறிப்புகளை முதலில் படிக்கிறார்கள்.

2. பழைய நூலகத்திலும் புதியதிலும் ஒரே சோதனையை ஓட்டி விடைகளை ஒப்பிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? நூலகப் பதிப்பு தற்சார்பு மாறி; வெளிவரும் விடை சார்பு மாறி; உலாவியின் மற்றப் பகுதிகள் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றினால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

3. எல்லாருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. சோதனைப் பதிப்பு முதலில் சிலருக்குப் போகும். குறை வந்தால் பரவும் முன்பே பிடித்துவிடலாம்.

4. திரும்பி வரும் வழியை முன்கூட்டியே அமைக்கிறார்கள். குரோம் செய்தது போல, சிக்கலான ஒரு மாற்றத்தை மட்டும் நிறுத்தி வைக்கவும் முடியும்.

இணையத்தளம் எழுதுபவருக்கும் ஒரு விதி உண்டு: மனிதர் படிக்க எழுதியதைக் கணினிக்குத் தரவாகக் கொடுக்காதீர்கள். தரவைச் சேமிக்க 2023-02-07 14:30 போன்ற மாறாத அமைப்பே ஏற்றது. அழகுபடுத்துவதைத் திரையில் காட்டும்போது செய்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்

கணினியில் ‘மலாக்கா’ என்று தட்டச்சு செய்யுங்கள். அம்புக்குறி விசையால் சொல்லைக் கடந்தால் 4 தாவல்கள்: ம, லா, க், கா. இப்போது பின்னழிப்பு விசையால் அழியுங்கள். பெரும்பாலான கணினிகளில் 7 முறை அழுத்த வேண்டியிருக்கும். காரணம், துணைக்கால்களுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்கள் உண்டு.

சிந்தியுங்கள்

1. ‘பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று ஒரு படிவம் கேட்கிறது. அது எதை எண்ண வேண்டும்?
2. உங்கள் பெயரில் எத்தனை எழுத்துகள்? எத்தனை யூனிகோடு எண்கள்?
3. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்களைத் தவறாமல் கண்டுபிடிக்க, தேடல் நிரல் தேடும் முன் என்ன செய்ய வேண்டும்?