அலுவலக மின்னஞ்சல்: கணக்கு, அமைப்பு, பழுது காணல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – க.பொ.த. (சாதாரண தரம்)

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• மடல் செல்லும் வழியை விளக்குவீர்கள்.
• மூன்று நெறிமுறைகளையும் வேறுபடுத்துவீர்கள்.
• பழுதின் இடத்தைப் படிமுறையாகக் கண்டறிவீர்கள்.
• காப்புப் பிரதியின் தேவையை உதாரணத்துடன் எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, மின்னஞ்சல் அனுப்ப உங்களிற் பலருக்குத் தெரியும். ஆனால், "அனுப்பிய மடல் ஏன் போய்ச் சேரவில்லை?" என்று கேட்டால் வகுப்பில் வரும் விடை ஒன்றுதான்: "நெற் சரியில்லை சேர்." இந்த விடைக்குப் பரீட்சையில் புள்ளி கிடையாது. நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக அமர்ந்தால் அங்கும் இந்த விடை செல்லாது. பழுது எங்கே என்று கேட்டால் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கு மடல் போகும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

2. மடல் செல்லும் வழி

1971 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பினூடாக மடல் அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியீட்டைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. இன்றும் முகவரியில் @ இற்கு முன் இருப்பது பயனர் பெயர். பின் இருப்பது ஆள்களப் பெயர்.

நீங்கள் அனுப்பும் மடல் நேரே நண்பனின் கணினிக்குப் போவதில்லை. அது மூன்று கட்டங்களைக் கடக்கிறது.
(அ) உங்கள் மென்பொருளிலிருந்து உங்கள் சேவையகத்திற்கு.
(ஆ) அங்கிருந்து பெறுபவரின் சேவையகத்திற்கு.
(இ) அங்கிருந்து பெறுபவரின் கணினிக்கு.

பழுது இம்மூன்றில் ஏதோ ஒன்றிலேயே இருக்கும். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

3. நெறிமுறைகளும் துறைகளும்

நமது ஊரின் பெயரிலேயே துறை உண்டு. பக்கத்தில் பருத்தித்துறை, அப்பால் காங்கேசன்துறை. கப்பல் தனக்குரிய துறையில்தான் அடைய வேண்டும். கணினியிலும் அவ்வாறே: ஒவ்வொரு சேவைக்கும் இலக்கமிட்ட ஒரு துறை உண்டு. இலக்கம் பிழைத்தால் மடல் உள்ளே வராது.

• எஸ்.எம்.டி.பி. – மடலை அனுப்புவதற்கு. துறை 587 அல்லது 465. (சேவையகங்கள் தமக்கிடையே பரிமாறுவது துறை 25 இல்.)
• பி.ஓ.பி.3 – மடலைக் கணினிக்கு இறக்கிக்கொள்வதற்கு. துறை 110, மறைகுறியாக்கத்துடன் 995.
• ஐ.எம்.ஏ.பி. – மடலைச் சேவையகத்தில் வைத்தபடியே வாசிப்பதற்கு. துறை 143, மறைகுறியாக்கத்துடன் 993.

பின்னைய இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்வது போதாது, விளங்கிக்கொள்ள வேண்டும். நான் கலைப் பட்டதாரி. கணினியை வேலை செய்த இடத்தில் பட்டுத்தான் பழகினேன். அந்த அலுவலகத்தில் ஒரே முகவரி, ஒரே கணினி. மென்பொருள் பி.ஓ.பி.3 இல் அமைந்திருந்தது. "பிரதியைச் சேவையகத்தில் விட்டுவை" என்ற தெரிவை ஒருவரும் இடவில்லை. ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது வன்தட்டு பழுதாயிற்று. சேவையகத்தில் போய்ப் பார்த்தோம், பெட்டி வெறுமை. இரண்டு வருடக் கடிதங்கள் அந்த ஒரு வன்தட்டில் மட்டுமே இருந்திருக்கின்றன. அனுப்பியவர்களிடமே தொலைபேசியில் கெஞ்சி மறுபடி கேட்டு வாங்கியவன் நான். ஆகவே எந்த அமைப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய வினா இது: மடல் எங்கே வசிக்கிறது?

4. கணக்கை நிருவகித்தல்

1. முகவரியைப் பதவியின் பெயரில் உருவாக்குக. ஆள் இடமாற்றம் பெற்றாலும் முகவரி அலுவலகத்திலேயே நிற்கும்.
2. ஒருவர் விலகும் நாளிலேயே அவரது கடவுச்சொல்லை மாற்றுக.
3. கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்காதிருக்க.
4. இருபடி உறுதிப்படுத்தலை இயக்குக. அதற்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் அலுவலகத்தினுடையதாக இருக்கட்டும்.
5. பெட்டியின் கொள்ளளவை மாதம் ஒருமுறை பார்க்க.

5. பழுது காணல்

படி 1: இணைய உலாவியைத் திறந்து அதே கணக்கினுள் நுழைந்து பாருங்கள். அங்கே மடல்கள் தெரிந்தால் இணையமும் கணக்கும் சரி. பழுது மென்பொருளின் அமைப்பில். வேறு இணையத்தளங்கள் திறந்து, கணக்கு மாத்திரம் திறக்காவிடின் பழுது கணக்கில் அல்லது சேவையகத்தில்.

படி 2: மடல் வருகிறது, ஆனால் போகவில்லையா? எஸ்.எம்.டி.பி. அமைப்பைப் பாருங்கள். துறை 25 ஐ இணையச் சேவை வழங்குநர் பலர் தடுத்து வைத்திருப்பர். 587 ஆக மாற்றுங்கள். அனுப்பும் சேவையகத்திற்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டுள்ளனவா எனவும் பாருங்கள். ஒரு பெரிய இணைப்பு வெளிப்பெட்டியில் சிக்கியிருக்கவும் கூடும். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 மெகாபைற்று.

படி 3: கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? முதலில் கப்ஸ் லொக் சாவியைப் பாருங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் கேட்டால் மென்பொருள் பழையதாக இருக்கலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 இலிருந்து கூகுள் நிறுத்திவிட்டது.

படி 4: கணினியின் திகதி சரியா? தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் திகதி பல வருடம் பின்னே போய்விடும். அப்போது சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. திகதியைத் திருத்தினால் பழுது நீங்கும்.

படி 5: மடல் திரும்பி வந்ததா? அதை அழிக்காமல் வாசியுங்கள். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4 இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, காத்திருக்கலாம். 5 இல் தொடங்கினால் நிரந்தரத் தடை. திருத்தாமல் மறுபடி அனுப்புவது வீண். 550 – அப்படியொரு பெட்டி இல்லை அல்லது மடல் ஏற்கப்படவில்லை. 552 – பெட்டி நிரம்பிவிட்டது அல்லது மடல் அளவு மிஞ்சிவிட்டது. 535 – கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. இது அனுப்பும்போதே தோன்றும்.

6. நமது நாட்டில் நடந்தது

இலங்கை அரசாங்க அலுவலகங்களின் முகவரிகள் 'கவ் டொட் எல்கே' என முடியும். அவற்றைத் தாங்கிய அரசாங்க முகில் சேவையைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் நடத்தியது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் அதனுள் கப்பம் கோரும் மென்பொருள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. சேவை விரைவில் மீண்டது. ஆனால் 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. அக்காலத்திற்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.

அங்கு இயங்கியது மைக்ரோசொவ்ற் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொவ்ற் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் நிதிக் குறைவு முதலிய காரணங்களால் பிந்தியிருந்தது. இழப்பின் பின்னரே, நாள்தோறும் வலையமைப்பிலிருந்து விலக்கிய காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.

102 நாட்களின் கடிதங்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் அம்மாவின் ஓய்வூதியக் கோரிக்கையோ, ஓர் ஆசிரியரின் இடமாற்ற மேன்முறையீடோ அவற்றில் இருந்திருக்கலாம். என் அலுவலகத்தில் மடல் ஒரே வன்தட்டில் வசித்தது. அங்கே சேவையகத்தில் வசித்தது. இடம் வேறு, குறை ஒன்றே. வேறோர் இடத்தில் பிரதி இல்லை.

7. நினைவிற் கொள்க

• அனுப்ப எஸ்.எம்.டி.பி.; பெற பி.ஓ.பி.3 அல்லது ஐ.எம்.ஏ.பி.
• முதலில் இடத்தைக் காண்க, பின்பு திருத்துக. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மாத்திரம் மாற்றுக. பழைய பெறுமானத்தைக் குறித்து வைக்க.
• ஐ.எம்.ஏ.பி. காப்புப் பிரதி அன்று. ஒரு கணினியில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும்.

8. மாதிரி வினாக்கள்

வினா 1: ஓர் அலுவலகத்தில் மூவர் தத்தம் கணினியில் ஒரே முகவரியைப் பார்க்கின்றனர். காலையில் முதலாமவர் பெற்ற மடல்கள் மற்ற இருவருக்கும் வருவதில்லை. காரணமும் தீர்வும் தருக.
விடை: முதலாமவரின் மென்பொருள் பி.ஓ.பி.3 மூலம் மடலை இறக்கிச் சேவையகத்திலிருந்து நீக்குகிறது. மூன்று கணினிகளையும் ஐ.எம்.ஏ.பி. இற்கு மாற்ற வேண்டும்.

வினா 2: அனுப்பிய மடல் 552 என்ற எண்ணுடன் திரும்பியது. "இணைய இணைப்புப் பழுது" என்பது சரியான விடையா?
விடை: அன்று. மடல் சேவையகத்தை அடைந்த பின்னரே மறுக்கப்பட்டுள்ளது. பெட்டி நிரம்பியுள்ளது அல்லது மடலின் அளவு அதிகம்.

வினா 3: காப்புப் பிரதியை அதே சேவையகத்தில் வைப்பது ஏன் போதாது? 2023 நிகழ்வைக் கொண்டு விளக்குக.
இதற்கு விடை தரப்படவில்லை. ஐந்து வரிகளில் நீங்களே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுதும் முன் உங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து, அதிலுள்ள முக்கியமான மடலுக்கு வேறெங்காவது பிரதி உண்டா என்று பாருங்கள்.