ராப் பாட்டும் ஹிப்ஹாப் தமிழா ஆதியும்

இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது ராப் பாட்டு. "அதெல்லாம் ஒரு பாட்டா? வாய்க்கு வந்ததை உளறுறது" என்று பெரியவங்க சொல்வாங்க. பையன்களோ கையை ஆட்டி ஆட்டி "யோ யோ" என்பார்கள். ராப் என்றால் என்ன என்று ரெண்டு பேருமே யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் பிறந்த கதை. 1973 ஆகஸ்டு 11, அமெரிக்காவில் நியூயார்க் நகரம், பிராங்க்ஸ் பகுதி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். ஒரு பெண் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, டிக்கெட் போட்டு ஒரு விருந்து நடத்தினாள். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளில் கொட்டு வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு எல்லாரையும் ஆட வைத்தார். அதிலிருந்துதான் ஹிப்ஹாப் பிறந்தது என்கிறார்கள். அந்தக் கொட்டுக்கு மேலே தாளம் தப்பாமல் பேசுவதுதான் ராப். அங்கே அதை வளர்த்தவர்கள் ஏழைக் கறுப்பின மக்கள்.

தமிழில் 1994-ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' வந்தது. அதில் நம்ம பக்கத்து மாவட்டத்துத் தேனி குஞ்சரம்மாளின் குரலும் உண்டு! 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் 'வல்லவன்' என்று ஒரு ஆல்பமே போட்டார்கள். இவர்களுக்குப் பிறகு வந்தவர்தான் ஆதி.

ஆதி 1990-ல் பிறந்தவர், கோயம்புத்தூர்க்காரர், என்ஜினீயரிங் படித்தவர். ஹிப்ஹாப் தமிழா என்பது ஒரே ஆள் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. ஆதி, ஜீவா என்று இரண்டு நண்பர்கள். 2011-ல் 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு ரேடியோவிலும் யூடியூபிலும் பரவியது. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2015-ல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களுக்கு இசை. 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி, இயக்கி, இசையமைத்து, தானே நடித்தும் விட்டார். அது ஏறக்குறைய அவர் கதைதான். அப்பாவாக விவேக் நடித்திருப்பார். 'நட்பே துணை'யில் (2019) ஹாக்கி ஆட்டக்காரர்.

இனி பாடத்துக்கு வருவோம். ராப் உளறல் இல்லை என்று எப்படிச் சொல்கிறேன்? கீழே உள்ளது நானே கட்டியது, சிரிக்கக் கூடாது:

மணி அடிச்சா மைதானம், மழை அடிச்சா மரத்தடி!
கணக்கு வந்தா கண்ணைக் கட்டும், கபடி வந்தா கையைத் தட்டும்!

டெஸ்கில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஒரு வரிக்கு நாலு தட்டு. முதல் வரியில் ம, மை, ம, ம என்று மோனை. மணி, கணக்கு என்று இரண்டு வரியின் தொடக்கத்திலும் ரெண்டாவது எழுத்து ஒத்து வருவதால் எதுகை. கட்டும், தட்டும் என்று கடைசியில் ஒத்து வருவது இயைபு. இங்கிலீஷ் ராப்பில் இயைபைத்தான் அதிகம் பார்ப்பார்கள். நம்ம மொழியில் மூன்றையும் போடலாம். ஆக, யாப்பு படித்தவங்களுக்கு ராப் எளிது. (பரீட்சைக்கும் உதவும்.)

மதுரைக்காரர்களுக்கு ஆதியைத் தெரிந்தது ஜல்லிக்கட்டால்தான். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டிருந்த சமயம், 2016-ல் 'டக்கரு டக்கரு' பாட்டு வெளியானது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் கூடியபோது அந்தப் பாட்டைப் பாடாதவர் இல்லை. ஆனால் போராட்டத்தின் கடைசி நாட்களில், திசை மாறிப் போகிறது, நான் விலகுகிறேன் என்று ஆதி ஒரு வீடியோ போட்டார். நிறைய பேர் திட்டினார்கள். ஜனவரி 23-ல் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது.

2019-ல் தமிழ் எழுத்தின் வரலாற்றைச் சொல்லும் 'தமிழி' என்ற ஆவணத் தொடரை வெளியிட்டார். நம்ம மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்குகையில் வெட்டியிருப்பதும் அந்தத் தமிழி எழுத்துதான். ராப் பாடுகிறவர் கல்வெட்டைத் தேடிப் போனது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிடிக்காதது ஒன்றும் உண்டு. அவருக்குப் பேர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' பாட்டேதான். பொண்ணுங்க குடிக்கிறாங்க, அரைகுறையா உடுத்துறாங்க, தமிழ்ப் பண்பாடு போச்சு என்று திட்டுகிற பாட்டு அது. எங்க தெருவில் சாயங்காலம் ஆனா தள்ளாடி வர்றது யாரு? பொண்ணுங்களா? சம்பளத்தை டாஸ்மாக்கில் விட்டுட்டு வர்ற ஆம்பளைங்களைப் பற்றி அதே வேகத்தில் ஒரு ராப் போட்டிருந்தா எங்க தெரு அம்மாக்கள் எல்லாரும் கைதட்டியிருப்பாங்க. பண்பாட்டைத் தூக்கிச் சுமக்கிற வேலையை மட்டும் எப்பவும் எங்க தலையில் ஏன் வைக்கிறாங்க?

இன்னொன்றையும் சொல்லணும். 13 வருஷம் கழித்து, 2024-ல் 'பி.டி. சார்' படத்தில் ஆதி உடற்பயிற்சி ஆசிரியராக வருகிறார். ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தபின் அவளையே குறை சொல்லுகிறவர்களை எதிர்த்து அவளுக்காக நிற்கிற வேடம். அந்தக் கதை அவர் எழுதியதில்லை, இயக்குநர் கார்த்திக் வேணுகோபாலன். ஆனாலும் நடிக்க ஒத்துக்கிட்டாரே! மனசு மாறினாரா, வேடம் மட்டும்தானா?

மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தமிழம்மாவிடம் கொடுக்கவும். ராப்பாகவே எழுதிக் கொடுத்தாலும் சரி. மோனை கட்டாயம் இருக்கணும்.