பத்திரக்கட்டைப் படித்துவிட்டு வீட்டைப் பாருங்கள்

வீடு வாங்கப்போகிறவர் புத்தகக் கடைக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது வாஸ்துவும் வீட்டு பிளான்களும்தான். அவர் படித்தாக வேண்டியதோ விற்பவரின் பீரோவில் இருக்கிறது. பத்திரக்கட்டில் எந்த ஒரு தாளும் முழு உண்மையைச் சொல்லாது. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் தேட வேண்டும்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

• தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, சொத்து யார் யார் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். மகள்களின் பெயர் அதில் இருக்கிறதா, அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அப்போது மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. “சீர் செஞ்சு அனுப்பியாச்சு, தங்கச்சி கேக்காது” என்று அண்ணன்மார் சொல்வதைச் சட்டம் ஏற்காது.

• வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில அளவையில் பல இடங்களில் சர்வே எண்கள் மாறின. பழைய எண், புது எண், உட்பிரிவு எல்லாவற்றுக்கும் போட வேண்டும். ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்த சான்று, தப்பான எண்ணுக்குப் போட்டதாகவும் இருக்கலாம். பதிவாகாத உயிலும் நிலுவையிலுள்ள வழக்கும் அதில் பெரும்பாலும் தெரியாது.

• பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி என்றிருக்கும். டேப்பைப் பிடித்தால் 2,250 வரும். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமை ஆகாது.

• ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சென்னைப் புறநகர் என்றால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை மளிகைக்கடையில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

• அடுக்ககம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை. உங்கள் பங்குக்கு எவ்வளவு பிரிபடாத மனை வருகிறது என்பதையும் கேளுங்கள். பிற்காலத்தில் கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில் அந்த எண்தான் பேசும்.

• தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதத்தை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.

வாங்குபவர் செய்யக்கூடாதவை

• வெறும் பவர் பத்திரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்துவிட்டது. பவர் ஏஜெண்ட் விற்றால், எழுதிக் கொடுத்தவரை நேரில் பாருங்கள். அவர் இறந்திருந்தால் பவரும் பொதுவாகக் காலாவதிதான்.

• “வங்கியே லோன் கொடுத்துருச்சு” என்று நிம்மதி அடையாதீர்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒருவரிடம் கருத்துரை வாங்குங்கள்.

• “நாளைக்கு வேற பார்ட்டி வருது” என்றால் வரட்டும்.

விற்பவருக்கு

• மூலப்பத்திரத்தைப் பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை யாரிடமும் விடாதீர்கள். பார்க்க வருபவருக்கு நகல் போதும்.

• முன்பணமானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

• விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். உங்கள் வரிக்கணக்கில் வரவாகிவிடும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் இந்தியவாசிகள் மூலதன ஆதாய வரியை 12.5 சதவீதமாகவோ, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமாகவோ கணக்கிடலாம். விலை பேசும் முன்பே இரண்டையும் ஆடிட்டரிடம் போட்டுப் பாருங்கள்.

• நீர்க்கசிவை மறைக்கப் புது பெயிண்ட் அடிக்காதீர்கள். மழைக்கு அது தாங்காது.

உரிமையாளருக்கு

• பதிவு முடிந்ததும் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். பலர் இங்கேதான் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அடுத்து விற்கும்போது பிள்ளைகள் அலைகிறார்கள்.

• பூர்வீக மனைதானே என்று விசாரிக்காமல் கட்டத் தொடங்காதீர்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தில் (1988) அந்தக் குடும்பம் சொந்த மனையில்தான் கட்டுகிறது. கடனும் காண்ட்ராக்டரும் படுத்திய பாடெல்லாம் போதாதென்று, அது குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலம் என்று கடைசியில் தெரியவருகிறது. கட்டப்போகிறவர்கள் கணவன், மனைவியாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.

• கட்டுவதற்கு ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கரின் கட்டுமானச் செலவைக் குறைப்பது பற்றிய கையேட்டைச் சொல்வேன். எளிய ஆங்கிலம், அவரே வரைந்த படங்கள். செங்கலை நிறுத்தி வைத்து நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் முறையில், கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். மேஸ்திரி முணுமுணுப்பார், படத்தைக் காட்டுங்கள்.

• வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதியுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

• பத்திரக்கட்டு எந்த அலமாரியில், எந்த வங்கி லாக்கரில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் இன்றே சொல்லிவையுங்கள். உயிலையும் எழுதிவிடுங்கள்.